குழம்பில் மஞ்சள், டப்பாவில் மருந்து

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஸ்கேனில் எதுவும் இல்லை. ஆனால் காலையில் பல் துலக்கி முகம் கழுவுவதற்குள் களைத்து உட்கார்ந்துவிடுகிறார். "நோய்தான் போயிடுச்சே, இன்னும் என்ன படுக்கை?" என்று அப்பா சத்தம் போடுகிறார். இது சோம்பலா?
- ஒரு மகள், திண்டுக்கல்

பதில்: சோம்பல் இல்லை. இந்தப் பதிலை அப்பா காதில் விழும்படி சத்தமாகவே வாசியுங்கள்.

நமக்கு ஒரு வைரஸ் காய்ச்சல் வந்தால் பசி போய்விடுகிறது, உடம்பெல்லாம் வலிக்கிறது, யாரோடும் பேசப் பிடிப்பதில்லை, படுக்கத் தோன்றுகிறது. இதில் பெரும்பகுதி கிருமி நேரடியாகச் செய்யும் வேலை அல்ல. கிருமியோடு மல்லுக்கட்டும் நம் எதிர்ப்புச் செல்கள் சைட்டோகைன் எனப்படும் புரதங்களைத் தூது அனுப்புகின்றன. இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். என்பவை அவற்றில் முக்கியமானவை. தூது மூளையை எட்டியதும் 'படு, அசையாதே' என்ற உத்தரவு பிறக்கிறது. காய்ச்சலில் இது சில நாளில் அடங்கிவிடும். புற்றுநோயிலோ கட்டியும் தூது விடுகிறது, அதைச் சூழ்ந்திருக்கும் எதிர்ப்புச் செல்களும் விடுகின்றன, கீமோவும் கதிர்வீச்சும் திசுக்களைப் புண்ணாக்கி அதை இன்னும் கிளப்பிவிடுகின்றன. சிலருக்குச் சிகிச்சை முடிந்த பிறகும் அது முழுதாக அடங்குவதில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜூலியன் போவர் குழுவினர், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு ஆண்டுகள் ஆன பெண்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். தீராத சோர்வு இருப்பவர்களுக்கு, இந்தத் தூதுகளால் எழும் அழற்சியின் அடையாளங்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. உங்கள் அம்மாவின் களைப்புக்கும் உடம்பிலேயே காரணம் இருக்கலாம்.

முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கம் எப்படி, மனச்சோர்வு உண்டா என்று மருத்துவர் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். அதெல்லாம் சரியாக இருந்தால், இந்தச் சோர்வுக்கு இன்றுவரை மிக நல்ல சான்று உள்ள மருந்து நடைப்பயிற்சிதான். 113 ஆய்வுகளில் பங்கேற்ற 11,525 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2017இல் வந்த அலசல், மாத்திரைகளைவிட உடற்பயிற்சியும் உளவியல் ஆலோசனையும் நன்றாக வேலை செய்வதைக் காட்டியது. தெருமுனைவரை தொடங்கட்டும். கூட அப்பா போகட்டும்.

கேள்வி: அழற்சி நல்லதா, கெட்டதா?
- ஒரு மாணவி, நாகர்கோவில்

பதில்: அடங்கும்வரை நல்லது. அரிவாள்மணையில் வெட்டிய விரல் சிவந்து வீங்கி ஆறுவது அழற்சியால்தான். அது அடங்காமல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போதுதான் ஆபத்து. புற்றுக்கட்டிக்குள் வெள்ளணுக்கள் குவிந்திருப்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஹோ 1863லேயே கவனித்திருக்கிறார். 1986இல் ஹெரால்ட் டுவோராக் என்ற அமெரிக்க நோயியலாளர், கட்டிகளை ஆறாத புண்கள் என்றே விவரித்தார். வயிற்றில் ஹெலிகோபாக்டர் கிருமி, கல்லீரலில் ஹெபடைட்டிஸ் பி, கன்னத்தில் அடக்கிய பாக்கு: மூன்றுமே நீண்ட அழற்சி வழியாகப் புற்றுநோய்க்குப் பாதை போடுபவை. மூன்றையும் தடுக்க முடியும் என்பதை நினைவில் வையுங்கள். பாக்கை இன்றே துப்பிவிடலாம்.

கேள்வி: அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். கொடுப்பதைச் சாப்பிடத்தான் செய்கிறார், ஆனாலும் மாதாமாதம் எடை இறங்குகிறது. சொந்தக்காரர்கள் எல்லாம் "சரியா கவனிக்கலையா?" என்று கேட்கும்போது செத்துப்போகலாம் போலிருக்கிறது.
- ஒரு மகன், கோவில்பட்டி

பதில்: உங்கள் கவனிப்பில் குறை இல்லை. அதை முதலில் மனதில் இறக்கிக்கொள்ளுங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் மறுபடி எழுந்தால் அதை அடக்கிவைக்காமல், அப்பாவின் மருத்துவக் குழுவிடமே உங்களுக்காகவும் உதவி கேளுங்கள்.

பட்டினி கிடப்பவர் முதலில் கொழுப்பை இழப்பார். உங்கள் அப்பாவுக்கு நடப்பது வேறு. மேலே சொன்ன அதே சைட்டோகைன்கள் தசையைக் கரைக்கச் சொல்கின்றன, பசியை அணைக்கின்றன, கல்லீரலின் வேலையை மாற்றுகின்றன. மருத்துவர்கள் இதைக் கேக்கெக்சியா என்பார்கள். ஆறு மாதத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும்; அறுபது கிலோ மனிதருக்கு அது மூன்று கிலோ. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ப்ரூஸ் பாய்ட்லரும் ஆன்டனி செராமியும் உடலை உருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப் பிரித்தெடுத்தார்கள். அதுவும் டி.என்.எஃப்.பும் ஒன்றே என்று 1985இல் தெரியவந்தது. அப்படியானால் அந்த ஒன்றை மட்டும் தடுத்தால் போதும் என்று பலர் நம்பினார்கள். தடுத்துப் பார்த்தார்கள், எடை ஏறவில்லை. பல தூதுகள் ஒன்றாக ஓடும்போது ஒன்றை மறித்துப் பயனில்லை.

செய்யக்கூடியது இருக்கிறது. ஒரு நாளுக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம்வரை புரதம் வேண்டும் என்பது ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவர்களின் பரிந்துரை. ஐம்பது கிலோவுக்கு ஐம்பது முதல் எழுபத்தைந்து கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் மீனில் இருபது, ஒரு தம்ளர் பாலில் ஆறேழு, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏழு. வெறும் கஞ்சியில் இந்தக் கணக்கு வராது. கஞ்சியில் பாசிப்பருப்பைச் சேர்த்து, மேலே ஒரு கரண்டி நெய் விடுங்கள். கணைய நோயாளிக்கு என்சைம் குறைந்து கொழுப்பு செரிக்காமல் போவது உண்டு. மலம் எண்ணெய்ப் பசையாகப் போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கு மாத்திரை இருக்கிறது. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் புரத அளவையும் அவரே சொல்லட்டும்.

பசிக்கு மருந்து உண்டா என்றும் கேளுங்கள். புதுச்சேரி ஜிப்மரில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 124 பேரிடம் ஒலான்சபின் என்ற பழைய, மலிவான மாத்திரையைச் சோதித்தார்கள். தினம் 2.5 மில்லிகிராம், பன்னிரண்டு வாரம். மாத்திரை எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு எடை ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடியது. போலி மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். 2023இல் வந்த இந்த ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அது மனநல மருந்தாயிற்றே என்று மிரள வேண்டாம், இங்கே அளவு மிகச் சிறியது. தூக்கக் கலக்கம் வரலாம், சர்க்கரை ஏறலாம். ஆகவே மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும்.

கேள்வி: மனைவிக்கு ஹீமோகுளோபின் எட்டைத் தாண்ட மறுக்கிறது. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். எங்கே தப்பு?
- வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: சமையலில் தப்பு இல்லை. புற்றுநோய் கிளப்பிவிடும் இன்டர்லூகின்-6 கல்லீரலைத் தூண்டி ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. ஹெப்சிடின் கூடினால் குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் நுழையாது. ஏற்கெனவே சேமித்த இரும்பும் வெளியே வராது. குதிர் நிறைய நெல் இருந்தும் சாவி கிடைக்காமல் வீடு பட்டினி கிடப்பது போலத்தான். ரத்தப் பரிசோதனையில், சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அதிகமாகவும் இரும்பு குறைவாகவும் காட்டும். இந்த நிலையில் ஊசிவழி இரும்பு வேண்டுமா, ரத்தம் ஏற்ற வேண்டுமா, எலும்பு மஜ்ஜையில் பிரச்சினையா என்று மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். கீரை தொடரட்டும், அது நல்ல உணவு. ஆனால் எண் ஏறவில்லை என்று அவரை மேலும் ஒரு கிண்ணம் விழுங்கச் சொல்லாதீர்கள்.

ரத்தப் புரதமான ஆல்புமின் குறைவதற்கும் இதே கதைதான். முட்டை வெள்ளையை எண்ணி எண்ணிக் கொடுத்தும் ஏறவில்லை என்று எத்தனையோ வீடுகளில் அழுகிறார்கள். அழற்சி இருக்கும்வரை கல்லீரல் ஆல்புமின் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். கிளாஸ்கோ மருத்துவர்கள் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யையும் ஆல்புமினையும் சேர்த்துப் பார்த்துத்தான் நோயின் போக்கைக் கணிக்கிறார்கள்.

கேள்வி: மஞ்சள் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்கிறார்களே. எங்கள் ஊரே மஞ்சள் ஊர். குர்குமின் கேப்சூல் வாங்கலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: குணப்படுத்தும் என்று மனிதர்களில் நிரூபிக்கப்படவில்லை. அறிகுறிகளைத் தணிக்குமா என்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடி நிறையவே உழைத்திருக்கிறார்கள்.

ஆய்வகத் தட்டில் குர்குமின் அழற்சியை அடக்குகிறது, அது உண்மை. வயிற்றுக்குள் போனால் நிலைமை மாறுகிறது. குடல் அதை அதிகம் உள்ளே விடாது, உள்ளே போன சிறிதளவையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடும். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய மூன்று சதவீதம்தான். நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில் கதிர்வீச்சு பெறும் மார்பகப் புற்றுநோயாளிகளுக்குத் தோல் புண்ணாவதைத் தடுக்கத் தினம் ஆறு கிராம் குர்குமின் கொடுத்தார்கள். சமையல் கணக்கில் அது இருநூறு கிராம் மஞ்சள் தூள். முப்பது பேரிடம் நடந்த முதல் ஆய்வில் பலன் தெரிந்தது, செய்தித்தாள்கள் கொண்டாடின. பிறகு 686 பேரிடம் சோதித்தபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. முதல் செய்தி இன்னும் வாட்ஸாப்பில் சுற்றுகிறது. இரண்டாவதை யாரும் அனுப்புவதில்லை. எனக்கு வருத்தம் தருவது அதுதான்.

"மிளகோடு சேர்த்தால் ஏறுமே" என்பீர்கள். ஏறும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் கண்டுபிடித்தார்கள்: இரண்டு கிராம் குர்குமினோடு மிளகின் பைபரினை 20 மில்லிகிராம் சேர்த்தால் ரத்தத்தில் அளவு 20 மடங்கு உயர்கிறது. அருமையான ஆய்வு. ஆனால் பைபரின் அதைச் செய்வது, மருந்துகளை உடைத்து வெளியேற்றும் கல்லீரலின் வேலையைத் தடுத்துத்தான். அதே கல்லீரல்தான் உங்கள் கீமோ மருந்தையும் கையாள்கிறது. ராட்டர்டாமில் 2019இல், டமாக்சிஃபென் எடுக்கும் பெண்களுக்குக் குர்குமினும் பைபரினும் சேர்த்துக் கொடுத்தபோது, அந்த மருந்தின் செயல்படும் வடிவம் ரத்தத்தில் சுமார் 12 சதவீதம் குறைந்தது. மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்க ஐந்து, பத்து ஆண்டு விழுங்கும் மாத்திரை அது. அதன் பலத்தைக் குறைக்க யாராவது காசு கொடுப்பார்களா? அமெரிக்காவில் மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022இல் அறிக்கை வந்தது. சோதித்துப் பார்த்த ஏழு தயாரிப்புகளில் மூன்றில் பைபரினும் இருந்தது.

ஆகவே குழம்பில், ரசத்தில், இரவில் ஒரு தம்ளர் பாலில் ஒரு சிட்டிகை மஞ்சளும் மிளகும்: தாராளமாக. டப்பாவில் அடைத்த கேப்சூல்: அது மருந்து, மருத்துவரிடம் காட்டாமல் வேண்டாம். கடையில் தூள் வாங்குவதைவிட விரலி மஞ்சள் வாங்கி அரையுங்கள். நிறம் தூக்கலாகத் தெரிய ஈயம் கலந்த குரோமேட் நிறமியைச் சேர்க்கும் மோசடி பங்களாதேஷில் 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த அரசு கடுமையாக இறங்கி அதை ஏறக்குறைய ஒழித்தும் காட்டியது.

கேள்வி: இஞ்சி?
- வாசகி, கடலூர்

பதில்: குமட்டலுக்கு உண்டு. அமெரிக்காவில் கீமோ எடுத்த 576 பேரிடம் செய்த ஆய்வில், வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்தோடு தினம் அரை கிராம் முதல் ஒரு கிராம்வரை இஞ்சி எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. அதற்கு மேல் கூட்டியதால் கூடுதல் பலன் இல்லை. கால் அல்லது அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி போதும். மாத்திரைக்குப் பதிலாக அல்ல, மாத்திரையோடு. தட்டணு குறைவாக இருந்தாலோ ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டாலோ கேட்டுக்கொண்டு எடுக்கவும். இஞ்சியால் குமட்டல் குறையவில்லை என்ற சிறு ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் ஒரு தம்ளர் சுக்குக் காப்பியில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

கேள்வி: ஒமேகா-3 அழற்சியைக் குறைக்கும், சமையல் எண்ணெயில் உள்ள ஒமேகா-6 கூட்டும் என்று படித்தேன். சோர்வுக்கு மீன் எண்ணெய் மாத்திரை எடுக்கலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் படித்ததையேதான் ஆய்வாளர்களும் எதிர்பார்த்தார்கள். ராசெஸ்டர் குழுவினர் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட, சோர்வு தீராத பெண்களில் ஒரு பகுதியினருக்கு மீன் எண்ணெயும் இன்னொரு பகுதியினருக்கு ஒமேகா-6 உள்ள சோயா எண்ணெயும் கொடுத்தார்கள். 2019இல் முடிவு வெளியானது. சோர்வை அதிகம் குறைத்தது சோயா எண்ணெய்! காகிதத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு கருத்தை உடம்பிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எடை குறையும் முற்றிய நோயாளிகளுக்கு மட்டும், பசிக்கும் எடைக்குமாக மீன் எண்ணெயை ஐரோப்பிய வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. அதையும் பலவீனமான சான்று என்று சொல்லித்தான். நீங்கள் மத்தி மீன் வாங்குங்கள். ஒமேகாவோடு புரதமும் வரும்.

கேள்வி: முள் சீத்தாப் பழம், இலைக் கஷாயம்?
- வாசகர், தென்காசி

பதில்: வேண்டாம். கரீபியத் தீவான குவாதலூப்பில் அதைப் பழமாகவும் இலைத் தேநீராகவும் தொடர்ந்து எடுத்தவர்களிடம், வழக்கமான மருந்துக்கு வசப்படாத நடுக்குவாத நோய் கூடுதலாகத் தென்படுவதை 1999இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதிலுள்ள அனோனாசின் நரம்புச் செல்லுக்கு நஞ்சு. ஒரு துண்டு பழம் ருசிக்குச் சாப்பிட்டதற்காகப் பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் கஷாயம்தான் ஆபத்து.

தாவரத்தில் மருந்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் வந்தன. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபலும் சார்லஸ் பியரும் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடிப் போய் வின்பிளாஸ்டினைக் கண்டார்கள். இன்றும் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளைக் காப்பாற்றுவதில் வின்கிரிஸ்டினுக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் பிரித்தெடுத்து, அளந்து, நரம்புக்குள் ஏற்றுகிறார்கள். இலையைப் பறித்து மென்றால் விஷம்.

கேள்வி: ஆன்டிஆக்சிடென்ட் மாத்திரையாவது?
- வாசகி, திருப்பூர்

பதில்: பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் பீட்டா கரோட்டினும் வைட்டமின் இ-யும் சோதித்தார்கள். 1994இல் முடிவு: பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். கேரட்டைக் கடித்துச் சாப்பிடுங்கள்.

கேள்வி: கணவருக்கு இரைப்பைப் புற்றுநோய். அவர் எதற்கெடுத்தாலும் அழுகிறார். "மனசைத் திடமா வச்சுக்கோ" என்று எல்லோரும் சொல்கிறார்கள்.
- வாசகி, வேலூர்

பதில்: சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் திடத்தால் மட்டும் தீருவதல்ல இது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு முன்பு இன்டர்ஃபெரான் ஆல்ஃபா கொடுப்பார்கள். அதுவும் ஒரு சைட்டோகைன்தான். அட்லான்டாவில் அந்தச் சிகிச்சை பெற்ற 40 பேரில் பாதிப் பேருக்கு முன்கூட்டியே மனச்சோர்வு மருந்து கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 11 சதவீதம் பேருக்கே கடும் மனச்சோர்வு வந்தது. எடுக்காதவர்களில் 45 சதவீதம் பேருக்கு. 2001இல் வெளியான இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. எதிர்ப்புச் செல்களின் தூது மனதை இருட்டாக்கும் என்பதையும், அந்த இருட்டுக்கு மருந்து உண்டு என்பதையும் ஒருசேரக் காட்டியது. நோயைப் பற்றிய பயமும் துக்கமும் இதில் கலந்திருக்கும், அவற்றைப் பேசித்தான் ஆறவேண்டும். அடுத்த முறை போகும்போது மனநல மருத்துவரையும் பார்க்கவேண்டும் என்று நீங்களே கேளுங்கள். காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகுமா?
- வாசகர், சேலம்

பதில்: சாகாது. கட்டிக்குச் சர்க்கரை வேண்டும் என்பது உண்மை. ஆனால் நீங்கள் சாப்பிடாவிட்டால் கல்லீரல் உங்கள் தசையைக் கரைத்துக் குளுகோஸ் செய்து கொடுத்துவிடும். பட்டினி கிடப்பது நீங்கள்தான். சர்க்கரை நோய் இருந்தால் கட்டுப்பாடு தேவை, அது வேறு விஷயம்.

கேள்வி: மாமியாருக்குக் கீமோ நடக்கிறது. கத்தரிக்காய் கரப்பான், கருவாடு ஆகாது, தயிர் சளி, முட்டை சூடு என்று வருகிறவர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார்கள். இப்போது அவர் தட்டில் இட்லியும் கஞ்சியும்தான். ஒரு வாய் மீன் குழம்பு கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு மருமகள், தூத்துக்குடி

பதில்: இன்றைக்கே வையுங்கள். பசியை நோயே பாதி தின்றுவிட்ட நிலையில் ஒருவர் வாய்விட்டு ஒன்றைக் கேட்பது பெரிய விஷயம். அதை மறுக்கச் சான்று எதுவும் இல்லை. கீமோ நாட்களில் நிறுத்தவேண்டியவை வேறு: வேகாத முட்டை, பச்சை இறைச்சி, வெளியில் வெட்டி வைத்த பழம், நேற்று மிஞ்சி வெளியே இருந்தது. வெள்ளணு குறைந்திருக்கும்போது பழைய சோறும் வேண்டாம், எண்ணிக்கை ஏறியபின் பார்க்கலாம். வாயில் புண் இருந்தால் மிளகாயைக் குறைத்துத் தேங்காய்ப்பால் கூட்டுங்கள். நாக்கில் இரும்பு ருசி தட்டுகிறது என்றால் எவர்சில்வர் தட்டை மாற்றிப் பீங்கானில் பரிமாறுங்கள். புண் இல்லாவிட்டால் புளிப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும். முள் இல்லாத சீலாத் துண்டாக, அன்று வாங்கியதாக, நன்றாகக் கொதித்ததாக. மூன்று வாய்தான் போகிறதென்றால் மூன்று வாய் போதும். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி சூடாக்கி மூன்று வாய் கொடுங்கள். யார் வந்து கரப்பான் என்றாலும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.